நகம் வளர்த்த மிருதங்கக்காரி

உடுவில்,
09.03.2025

அன்பின் ஆரணிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதுவாய், அது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால்தான் நாளை காங்கேசன்துறையில் கப்பல் ஏறும் குகதாசன் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். சென்னைக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டுக் கையில் தருவார்.

மிருதங்க மேற்படிப்புக்கு உன் கல்லூரிக்கு வருவதா, யாழ்ப்பாணத்திலேயே படிப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவெடுக்க வேண்டும். ஐப்பசியில் நீ என்ன எழுதினாய்? மிருதங்கம் படிப்பிக்கிற சேர் தங்கமான மனிசன், ஒவ்வொரு கோர்வையையும் பிரித்துப் பிரித்துச் சொல்லித் தருகிறார் என்று. தையில் நானும் வருகிறேன் என்றதும் சாப்பாடு சரியில்லை, விடுதியில் தண்ணீர் இல்லை, சேர் வகுப்புக்கே வருவதில்லை என்கிறாய். மூன்று மாதத்தில் ஒரு கல்லூரி இவ்வளவு கெட்டுப்போகுமா?

உனக்கு என்மேல் எரிச்சல், பொறாமை என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். ஆரணி அப்படிப்பட்ட பிள்ளை இல்லை, விசர்க்கதை கதையாதை என்று ஏசினா.

பிறகு பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கையில் நீள நீளமாய் நகம், கியூட்டெக்ஸ் வேறு. ஒரு கிழமை நகம் வெட்டாவிட்டாலே எனக்கு வாசிக்க வராது. நாளுக்கு நாலு மணித்தியாலம் சாதகம் செய்கிறேன் என்று எழுதியவள் அந்தக் கையால் எந்த மிருதங்கத்தைத் தொட்டாய்? விண்ணப்பம் பற்றிக் கேட்கக் கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தபோது உன் பெயரைச் சொன்னேன். மார்கழிச் சோதனையில் தவறியதோடு நீ நின்றுவிட்டாய் என்றார்கள்.

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நான் வந்தால் பிடிபட்டுவிடுவாய் என்றுதானே என்னைத் தடுத்தாய்? இந்த இரண்டரை மாதமும் எங்கே இருந்தாய், என்ன சாப்பிட்டாய்?

நேற்று உன் அம்மாவைச் சந்தையில் கண்டேன். மகள் எப்போது மேடையில் வாசிப்பாள் என்று கேட்டா. கெதியில் வாசிப்பாள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி என்னால் அது ஏலாது.

நிரப்பிய விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது. அந்த சேர் உண்மையிலேயே நல்லவரா, நான் வரலாமா? அங்கே எனக்கு உன்னைத் தவிர வேறு யாரைத் தெரியும்? வா என்றால் வந்து உன்னோடு ஒரே அறையில் இருக்கிறேன். நீ திரும்பி வருவதென்றாலும் சொல்லு, உன் அம்மா முன்னால் உனக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். ஒரு வரி எழுது, ஆரணி. நீ எழுதுவதை நம்பத்தான் போகிறேன்.

உன் சிநேகிதி,
நிரோஜா