நீங்கள் படகு ஜெட்டியில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள்

என் தேனு அப்பாவுக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் பாதியில் நழுவிவிடுவீர்கள், அது உங்கள் வழக்கம். இந்த ஒரு தடவையாவது முழுக்கக் கேட்க வேண்டும்.

நம் தமிழர் சங்கத்துப் பொங்கல் மலரில் மறைந்தவர்களைப் பற்றி வீட்டார் எழுதித் தரலாம் என்றார்கள். நல்லவர், வல்லவர் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், ஞாபகம் கோணாது. அது உங்களுக்கே தெரியும்.

மழைக்காலத் தொடக்கத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். போன பிறகும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். விஷயம் அதுதான்.

ஹேவ்லாக் தீவில் நம் கெஸ்ட் ஹவுஸுக்கு ஆள் வரவில்லை என்று போன கோடையில் தேன்மொழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, மெயின்லேண்ட் டிராவல்ஸ்காரங்க எல்லாருக்கும் உங்க பேர்ல மெயில் போகும். பதில் வரலைன்னா சில நாள் கழிச்சு ரெண்டாவது. அதுக்கும் வரலைன்னா மூணாவது. பதில் போட்ட ஆளுக்கு மட்டும் தானா நின்னுடும். வருஷா வருஷம் சீசன் தொடங்கினா மறுபடி ஆரம்பிக்கும். நாம தொடவே வேணாம்."

"யாரு போய்த் தபால்ல போடறது?" என்றேன்.

"அது தானா போகும்மா."

"தானாப் போறதுக்கு அது என்ன மாடா?"

நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். அப்புறம் மூன்று கடிதத்தையும் நீங்களே வாயால் சொன்னீர்கள், அவள் தட்டினாள். 'அன்புள்ள ஐயா' என்று அவள் ஆரம்பித்தாள். "ஐயா வேணாம், நண்பான்னு போடு" என்றீர்கள். "கம்பெனிக்காரங்களை யாருப்பா நண்பாம்பாங்க?" என்று அவள் சண்டை போட்டாள். நீங்கள் விடவில்லை. நீ வந்தால் படகுத்துறைக்கு யாரையும் அனுப்பமாட்டேன், நானே ஜெட்டியில் நிற்பேன் என்று இரண்டாவதில் சொன்னீர்கள். மூன்றாவது சின்னது. 'இதுதான் உனக்கு நான் போடும் கடைசிக் கடிதம். இனித் தொந்தரவு பண்ணமாட்டேன். வருவதாக இருந்தால் இப்போதே வா.'

"கடைசின்னா படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் பயம் வரும். நல்லாத்தான் இருக்கு" என்று மகள் சொன்னாள். நீங்கள் நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து தேன்மொழி போர்டை மாற்றினாள், லைசென்ஸை மாற்றினாள், எல்லாவற்றிலும் தன் பெயரைப் போட்டாள். சீசனும் வந்தது. மழை விடவில்லை. ஹேவ்லாக்கில் நெட் செத்துக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உயிர் வந்ததும் அவள் போன் டிங் டிங் என்று அடித்தது. சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அம்மா, அப்பாவுக்கு ஒரு பதில் வந்திருக்கு."

வாசிக்கச் சொன்னேன். ஒரு எழுத்தும் மாறாமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

"டேய் மாணிக்கம், ஆஸ்பத்திரியில கெடந்தேன், அதான் பதில் போடல. நெஞ்சைப் பொளந்து தச்சிருக்காங்க. கடைசிக் கடுதாசின்னு போட்டிருக்க. அப்படி எழுதற ஆளாடா நீ? உனக்கு என்னமோ ஆயிருக்கு. நான் வர்றேன். வெள்ளிக்கிழமை காலைப் படகு. சொன்ன மாதிரி ஜெட்டியில நில்லு. கப்பல் நடேசன்."

கப்பல் நடேசன். நீங்கள் இருவரும் முதல்முதலாக அந்தமானுக்கு வந்த கப்பலில் கிடைத்த சிநேகம். ஊரும் வேறு, உறவும் வேறு, அதனால் நீங்கள் போன சேதியை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பெயரை நம் வீட்டில் சொல்லக்கூடாது என்று நான் வைத்திருந்தது தெரியாதா? போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் பகுதியில் நாம் இருந்த வீட்டில் தேன்மொழிக்கு மதுரைச் சம்பந்தம் தட்டு மாற்ற உட்கார்ந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா காதில் மட்டும் போடாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி நடேசன் சொன்னாரே. "பொண்ணோட அம்மா லோக்கல் பார்ன். கைதி வம்சம். பின்னால தெரிஞ்சு என்னைக் குத்தம் சொல்லாதீங்க." வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்தார்கள். டம்ளர்களை நான்தான் எடுத்தேன். ஆடை படிந்திருந்தது.

என் பாட்டனாரின் அப்பா கைதியாக வந்தவர்தான். அதை யாரிடம் மறைத்தேன்? அவரைப் போன்றவர்கள் காட்டை வெட்டிப் போட்ட ரோட்டில்தானே நடேசன் செருப்புப் போட்டு நடந்தார்.

நீங்கள் அன்று அவரை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. பேச்சை நிறுத்தினீர்கள், அவ்வளவுதான். அவர் மதுரைக்குப் போய் டிராவல்ஸ் வைத்தார் என்று கேள்விப்பட்டபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினீர்கள். ஆனால் போனில் அவர் நம்பரையும் மெயிலையும் 'மதுரை டிராவல்ஸ்' என்று பெயர் மாற்றி வைத்திருந்தீர்கள். தேன்மொழி அது யார் என்று தெரியாமல் மற்றவர்களோடு சேர்த்துவிட்டாள்.

"போர்டை மாத்தினியே, இதை மட்டும் ஏன்டி மறந்தே?" என்றேன்.

"மறக்கலம்மா." தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா பேர் அதுல மட்டும்தான் இன்னும் வேலை செய்யுது."

நான் அடுப்பை அணைத்தேன்.

போன் போட்டோம். எடுக்கவில்லை. படகு கிளம்பியிருக்கும், நடுக்கடலில் டவர் ஏது. "நான் போய்ப் பக்குவமாச் சொல்றேன்மா, நீ வராதே. நீ எதாவது சொல்லிடுவே" என்றாள். "அந்தச் சம்பந்தம் நடந்திருந்தா நான் இப்ப மதுரையில மாமியாருக்குப் பயந்துக்கிட்டு இருப்பேன். எனக்கு அவர் நல்லதுதான் பண்ணினார். விடேன்" என்றும் சொன்னாள். அவளுக்குப் போர்ட் பிளேரில் நல்ல புருஷன் கிடைத்தான், பேத்தி பிறந்தாள், அவள் மறந்துவிட்டாள். சொல் விழுந்தது என் மேல்.

நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொல்கிறேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. அவர் கூடத்தில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார். நானும் ஜெட்டியில் வைத்து எல்லாரும் கேட்கச் சொல்வேன். நீ பார்க்க வந்த ஆள் போய்ச் சேர்ந்தாச்சு, திரும்பிப் போ. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வாய்க்கு இனிப்பாகத்தான் இருந்தது.

ஜெட்டியில் காற்று ஆளைத் தள்ளியது. பெட்டி தூக்கும் பிஸ்வாஸ் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். "மாஜி, போட் லேட் ஹை. சமுந்தர் கராப். சப் உல்டி கர் ரஹே ஹோங்கே" என்றான். கடல் மோசமாம், படகு தாமதமாம், எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்களாம். நடித்தும் காட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தைத்த நெஞ்சோடு ஒரு மனிதர் அந்தப் படகில் புரண்டுகொண்டிருக்கிறார். நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று. படகு கண்ணுக்குத் தெரிந்தபோது தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். கோபத்தில்தான் என்று நினைத்தேன்.

எல்லாரும் இறங்கிய பிறகு அவர் இறங்கினார். பாதியாகிவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து நின்று கூட்டத்தில் தேடினார். நான் எதிரில் நிற்கிறேன், என்னைத் தாண்டித் தேடுகிறார்.

"மதினி," என்றார் கடைசியில். "அவன் எங்க? நிப்பேன்னானே."

"மொதல்ல உக்காருங்க."

"படுத்த படுக்கையா?"

"உக்காருங்கன்னு சொன்னேன்."

உட்கார்ந்தார். பிஸ்வாஸ் தண்ணீர் கொடுத்தான். அவர் குடிக்கவில்லை. "அவன் முன்னாடி ஒண்ணு சொல்லணும் மதினி. அன்னைக்கு உங்க வீட்ல நான் பேசினது. அதை அவன்கிட்டத் திருப்பி வாங்கிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"அது அவர்கிட்டச் சொல்ற பேச்சில்ல. யாரைப் பேசினீங்களோ அவ இங்க நிக்கறா."

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார். கழுத்தையும் நெற்றியையும் பார்த்தார். கையில் இருந்த பாட்டில் சாய்ந்து தண்ணீர் வேட்டியில் ஓடியது.

நான் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் தேன்மொழியைத்தான் சொல்ல வைத்தேன். அன்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? 'தேனு அப்பா' என்றால் அவருக்குப் பாதிதான் புரியும்.

"மாணிக்கம் இல்ல. மழை ஆரம்பத்துலயே போயிட்டார்."

மெதுவாகத்தான் சொன்னேன். பிஸ்வாஸுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"போன வாரம் எழுதினானே" என்றார். குழந்தை கேட்பதுபோல் கேட்டார். மிஷின் அனுப்புகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "யார் பதில் போடலையோ அவங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகுமாம்." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து முதுகில் கை வைத்தேன். அழுகைதான். முகத்தைத் தூக்காமலே, "நான் பேசினது தப்பு தாயி" என்றார். மதினி என்று சொல்லவில்லை.

மறுநாள் படகெல்லாம் நிறுத்திவிட்டார்கள். கடல் இறங்கும்வரை அவர் கடலைப் பார்த்த அறையில்தான் இருந்தார். நான் சமைத்ததைத்தான் சாப்பிட்டார். உப்பு, காரம் எல்லாம் அளவாகத்தான் போட்டேன். அதை வைத்து மன்னித்துவிட்டேன் என்று முடிவு கட்டாதீர்கள். காபி கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாரா என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்தார்.

இப்போது என் கேள்வி. எத்தனையோ கம்பெனிக்காரர்களுக்குப் போகிற கடிதத்தில் 'நண்பா' என்று எழுதச் சொன்னீர்களே, அது யாருக்கு? எல்லாருக்கும் போகிறமாதிரி போட்டு ஒருவருக்குத்தானே எழுதினீர்கள்? கடைசி என்று சொன்னபோது உங்களுக்குத் தெரியுமா? நடேசனுக்கு எழுதட்டுமா என்று என்னிடம் கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பேன். அதனால் மிஷினிடம் சொல்லிவிட்டுப் போனீர்களா? இந்தக் கோபத்தை நடேசன் கோபத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

தேன்மொழி கடிதங்களில் தன் பெயரைப் போட்டுவிட்டாள். மூன்றாவதை எடுத்துவிட்டாள். ஜெட்டியில் நிற்பேன் என்ற வரியையும் அழிக்கப் போனாள், இருக்கட்டும் என்றேன்.

"யாரும்மா போய் நிக்கறது?"

"நான்."

அப்படியே நிற்கிறேன். நம் வீட்டுக்கு ஆள் வருகிற படகு எதுவானாலும் நீங்கள் சொன்ன இடத்தில் நான் நிற்பேன். ஐயா எங்கே என்று பழைய ஆட்கள் கேட்டால் உங்கள் பெயரை நானே வாய்விட்டுச் சொல்வேன். புருஷன் பெயரைச் சொல்கிறாளே என்று கோபம் வந்தால் ஒரு பதில் போடுங்கள். பதில் வந்தால் தானாக நின்றுவிடுமாம்.

உங்கள் மகளைப் பெற்றவள்,
தேனு அம்மா