எடுக்கக் கூடாத அழைப்பு

உன் கைப்பேசியை உன் தம்பி என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். "நீங்களே பாத்து என்னா செய்யணுமோ செய்ங்கக்கா, என்னால முடியல லா" என்றான். அதன் உறையில் இன்னும் தைல வாசம் இருக்கிறது. நீ எதைத் தொட்டாலும் அந்த வாசம் ஒட்டிக்கொள்ளும். கோப்பிக் குவளையில்கூட அடிக்கிறதே என்று நான் திட்டினால், "முட்டி வலி எனக்கா ஒனக்கா?" என்பாய். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. விடுப்பு கிடைக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் வரப் பயந்தேன்.

நான் பார்க்கும் வேலையை உனக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பாதுகாப்பு அமைப்பு, குளிர் ஊரில் தலைமையகம், என் நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இவ்வளவும் கேட்டுவிட்டு, "துப்பாக்கி குடுப்பாங்களாடி?" என்று கண்ணை விரித்தாய். சிப்பாய்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு அறையில் பேசுவார்கள், நாங்கள் பேசுவது வேறு என்றேன். சண்டையோ வெள்ளமோ வந்து, மின்சாரம் போய், தண்ணீர் நின்று, கடையில் சாமான் தீர்ந்துபோனால் சாதாரண சனங்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று யோசித்து, அதை வழிகாட்டியாக எழுதி உறுப்பு நாடுகளுக்கு அனுப்புவது எங்கள் பிரிவு. "அப்ப சண்ட போடற ஆபீசுல நீ அரிசி பருப்பு டிப்பார்ட்மெண்டு" என்றாய். என் இத்தனை வருட உத்தியோகத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாய், பாவி. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் இப்போதும் மனசுக்குள் முதலில் வருவது அதுதான்.

நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்று, அது செம்பனை எண்ணெய்த் தோட்டமாகி, பாதி வீட்டுமனையாகிப் போனபோது, ஆயர் தாவார் பக்கத்திலிருந்து உங்கள் வீட்டார் ஈப்போவுக்கு, இந்த அடுக்குமாடிக்கு வந்தீர்கள். நான் படிப்பு, கோலாலம்பூர், வெளிநாடு என்று போய்க்கொண்டே இருந்தேன். நீ தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இங்கேயே இருந்துவிட்டாய். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வோம். இரண்டும் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கொரோனா ஊரடங்கின்போது உன் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் செத்துப் போய், வாடை வந்த பிறகுதான் ஆட்களுக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தொலைபேசியில் நீ அழுதாய். அதற்கு முன் நீ அழுது நான் கேட்டதில்லை. "நம்ம ஆளுங்கடி. தோட்டத்துல ஒருத்தன் பெரட்டுக்கு வரலன்னா அடுத்த நிமிசம் தெரியும். இங்க மூணு நாளு யாருக்கும் தெரியல" என்றாய். தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே தூக்கம் கலையும். அதையே நீ கைப்பேசியில் ஆரம்பித்தாய். தனியாக இருக்கும் முப்பத்திரண்டு பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதினாய். தினமும் காலை ஏழு மணிக்குள் அவர்கள் உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நீ எடுக்க மாட்டாய். இரண்டு தடவை மணி அடித்ததும் அவர்கள் வைத்துவிட வேண்டும்.

அடுத்த தடவை நான் வந்தபோது அதை நேரில் பார்த்தேன். இதே மேசையில் பால் விடாத கோப்பி ஓ, பென்சில், நோட்டு. ஆறேகாலுக்குக் கைப்பேசி கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நீ ஒரு டிக் போட்டாய். "முனியாண்டி அண்ணே எந்திரிச்சிட்டாரு. பீவி அக்கா தொழுதுட்டு அடிக்கறாங்க. இந்த அஞ்சல அக்காவ பாரு, தெனமும் கடைசி." எடுத்து ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று கேட்டேன். "முப்பத்திரண்டு பேர்கிட்டயும் பேசினா மத்தியானம் ஆயிரும்லா. கெழங்க கத பேசும். சத்தம் வந்தா ஆளு இருக்கு. வரலன்னா நான் போய் கதவ தட்டுவேன், அவ்ளோதான்" என்றாய். அன்று இருவர் அடிக்கவில்லை. லிப்ட் ரோசாக், பழுதாகிக் கிடந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு அஞ்சு மாடி ஏறி, இரண்டு கதவையும் தட்டி, தூங்கிக் கிடந்த இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தாய்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. மாதக்கணக்கில் மின்சாரம் விட்டுவிட்டு வரும் நகரத்தில் தனியாக வாழும் முதியவர்களை எப்படிக் கண்காணிப்பது என்று எங்கள் அறையில் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். உன் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் ஒரு படிவமாக்கினேன். தலைப்பில் ஒருங்கிணைப்பாளர் பெயர், கீழே வரிசையாக மற்றவர்கள் பெயர். உன் பெரட்டுக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் வைத்தேன். கூட்டத்தில் ஒரு பெண்மணி கேட்டாள்: "அந்த ஒருங்கிணைப்பாளரை யார் பார்த்துக்கொள்வார்கள்?" அதை உன்னிடம் கேட்டபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பேரு கூப்புடற கங்காணி என்னைக்குடி தன் பேர கூப்ட்டான்? எனக்கென்னா லா, நாந்தானே பெரட்டே எடுக்கறேன்." நானும் சிரித்தேன். பிறகு பதில் எழுதினேன்: ஒருங்கிணைப்பாளரைத் தினமும் அனைவரும் அழைப்பதால் அவர் விடுபட்டுப்போக வாய்ப்பில்லை.

என் கையால் எழுதினேன். அந்த வரி இப்போது எத்தனை நாட்டு மொழிகளில் இருக்கிறதோ.

என்னையும் விடவில்லை நீ. "நீ மட்டும் அங்க யாரோட இருக்க? நீயும் அடி" என்று முப்பத்து மூன்றாவது ஆளாக நோட்டில் சேர்த்தாய். எனக்குக் காலை ஏழு என்றால் உனக்கு மத்தியானம். "இவ மத்தியான ஷிப்ட்டு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அந்த ஊரில் என் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்போம். காலையில் எழுந்து ஜன்னலைத் திறப்பதற்கு முன் உனக்கு அடித்து வைப்பேன். இரண்டு மணிச் சத்தம். அதற்குப் பிறகு நாள் முழுக்க யாரும் என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்று இருக்கும்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ குளியலறையில் வழுக்கி விழுந்தாய். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. கைப்பேசி இந்த மேசைமேல் இருந்தது. மறுநாள் காலை முப்பத்திரண்டு பேரும் அடித்தார்கள். நீ எடுக்கவில்லை. நீதான் எடுக்கவே மாட்டாயே! இரண்டு மணி அடித்ததும், நீ சொல்லிக்கொடுத்தபடியே, ஒழுங்காக வைத்துவிட்டு அவரவர் கோப்பி குடிக்கப் போனார்கள். அதற்கடுத்த நாளும் அடித்தார்கள். இரண்டு நாளும் உன் மத்தியானத்தில் நானும் அடித்தேன். மணி போனது, வைத்தேன், ஜன்னலைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் காலை உன் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. முனியாண்டி அண்ணே நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மணி அடிக்கலம்மா. மலாய்ல ஒரு பொம்பள என்னமோ பேசுது. சட்டகூட போடாம கதவ தொறந்துட்டு எறங்கிட்டேன்." அவர் இறங்கி வந்தபோது படியெல்லாம் ஆட்களாம். அன்றும் லிப்ட் வேலை செய்யவில்லை. தடி ஊன்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நைட்டியோடும் கைலியோடும் அத்தனை பேரும் உன் கதவுக்கு வந்து நின்றிருக்கிறார்கள். தட்டாத ஆள் இல்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று காலை அடித்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. ஈப்போவில் மழையாக இருக்கும், லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறிப் போனேன். அன்றைய கூட்டத்தில் உன் பெரட்டைப் பற்றித்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று பாராட்டினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் உன் தம்பி கூப்பிட்டான். அதற்குள் எல்லாம் முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது, நான் பதறியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. கணக்குப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் படிக்காத கிழங்கள் படியிறங்கி ஓடிவந்தன. இதற்கென்றே சம்பளம் வாங்குகிற நான் ரயிலில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே உயிர் போயிருக்காது என்று டாக்டர் உன் தம்பியிடம் சொன்னாராம். அவன் இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். சற்று முன் உன் கைப்பேசியை சார்ஜில் போட்டுத் திறந்தேன். வரிசையாகத் தவறிய அழைப்புகள். முனியாண்டி, பீவி அக்கா, கடைசியாக அஞ்சலை. பிறகு 'மத்தியான ஷிப்ட்டு'. நீ அத்தனையும் கேட்டிருப்பாய். ஒவ்வொரு சத்தமாக எண்ணியிருப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியும். எல்லோரும் நல்லபடியாக எழுந்துவிட்டார்கள் என்று கணக்கு சரியாக இருந்திருக்கும். ஐயோ, என்னடி செய்து வைத்தோம் நாம் இரண்டு பேரும்!

நீ போன பிறகு, அந்தப் படிவத்தை ஏற்றுக்கொண்ட குழுவுக்கே திரும்பவும் போனேன். படிவத்தில் முதல் வரியில் ஒருங்கிணைப்பாளரின் பெயரே வர வேண்டும், அழைப்பை எடுத்துக் குரலைக் கேட்க வேண்டும், குரல் வராவிட்டால் போய்க் கதவைத் தட்டப்போகிறவரின் பெயர் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்றேன். தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற கர்னல், நல்ல மனுஷர். ஒருங்கிணைப்பாளர் இயங்கும் நிலையில் இருக்கிறார் என்பது திட்டத்தின் அடிப்படை அனுமானம் என்றார். "அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள்" என்று கத்திவிட்டேன். அத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு அவர், சரி, புதிய படிவத்தை உறுப்பு நாடுகளுக்கு அனுப்புமுன் இந்த அறையில் இருப்பவர்களே ஆளுக்கொன்று நிரப்பிப் பார்ப்போம் என்றார். இந்த வாரம் கொடுக்க வேண்டும்.

இங்கே உன் ஆட்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இப்போது பீவி அக்காதான் பெரட்டு எடுக்கிறார். எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள், மத்தியானம் ஆனாலும் ஆகட்டும் என்று. பீவி அக்கா கதவை முனியாண்டி அண்ணே தட்டுகிறார், அவர் கதவை அஞ்சலை அக்கா. அஞ்சு நிமிடத்தில் பேசி முடித்தார்களாம். எங்களுக்கு ஒரு வருடம் பிடித்திருக்கும். நேற்று பீவி அக்கா பசியாறக் கொடுத்துவிட்டு, "நீ போயிட்டா ஒன்னோட கதவ அங்க யாரும்மா தட்டுவாங்க?" என்று கேட்டார். "இருக்காங்கக்கா, நெறைய பேர் இருக்காங்க" என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

இன்று காலை என் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். முதல் வரியில் என் பெயர், முகவரி, மாடி எண் எல்லாம் எழுதியாகிவிட்டது. கதவைத் தட்டப்போகிறவர் யார் என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரரை நினைத்தேன், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரியை நினைத்தேன், கர்னலைக்கூட நினைத்தேன். கடைசியில் உன் பெயரை எழுதினேன். அதை அனுப்ப முடியாது, தெரியும். அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதலாம் என்றால், வேறு பெயர் எனக்குத் தெரியாதடி.