மழை வருடங்களில் அதிர்வு இல்லை

மார்ச் 3
அதிர்வு நிலையத்தின் பழைய நாற்பது வருடப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி முடித்தேன். மழை கொட்டிய வருடங்களில் நில அதிர்வு ஏறக்குறைய இல்லை. வறண்ட வருடங்களில் வாரத்துக்கு இரண்டு. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பருவநிலைக்கும் பூமிக்குள் நடப்பதற்கும் தொடர்பு! மூன்று வருடமாக நான் தற்காலிகம். கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம் என்கிறார் இயக்குநர்.

மார்ச் 5
இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "மழைத்தண்ணி இறங்கிப் பாறைய அமுக்கிப் பிடிச்சிருக்கும்மா" என்றார். நேற்றுவரை அவருக்குப் பாறையைப் பற்றி எந்தக் கருத்தும் இருந்ததில்லை. பத்திரிகைக்காரர்களை வரச்சொல்லிவிட்டார்.

மார்ச் 6
செய்தி வந்துவிட்டது. படத்தில் அவர். பின்னால் என் முழங்கை.

மார்ச் 9
அந்தப் பதிவேடுகளை எழுதியவர் என் அப்பா. எனக்கு முன் அதே நாற்காலி, மேட்டின் மேல் ஒற்றை ஆள். தினமும் தாள் மாற்றினால்தான் கருவி எழுதும். பத்திரிகையைக் காட்டி, "மழை வருஷத்துல மட்டும் எப்படிப்பா பூமி இவ்வளவு அமைதி?" என்றேன்.

"மழையில எவன் அந்த மேட்டுல ஏறுவான்? வீட்லதான் இருப்பேன். மறுநாள் போய் 'அதிர்வு இல்லை'ன்னு எழுதிடுவேன்."

நகம் வெட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை. நாற்பது வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்குக் கொடுத்த பதக்கம் கூடத்தில் தொங்குகிறது.

ஐயோ, நான் என்னதான் பண்றது? சொன்னா அப்பா மானம் போகும். சொல்லலைன்னா — எனக்கு வேலை கிடைக்கும். அதை நினைச்சாதான் அசிங்கமா இருக்கு.

மார்ச் 11
இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"அப்பா போகாத நாள்ல அதிர்வு வந்ததா பதிவு இருக்கா?"

"அவர் போகலையே சார், எப்படி இருக்கும்?"

"அப்போ வரலம்மா."



ஜூலை 2
நிரந்தரம். அப்பா இனிப்பு வாங்கி வந்தார்.

அக்டோபர் 19
நான் சேர்ந்தபிறகு முதல் பெருமழை. மேட்டுப் பாதை முழுக்கச் சேறு. போகவில்லை. பதினொரு மணிக்கு அலமாரியில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். இயக்குநர் போன் செய்து, "ஏதோ லாரி போச்சும்மா" என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

அக்டோபர் 20
வெயில். போனேன். தாள் தீர்ந்து கருவி நின்றிருந்தது. பதிவேட்டில் நேற்றைய தேதிக்கு எதிரே எழுதினேன்: அதிர்வு இல்லை.

அச்சு அசல் அப்பா கையெழுத்து.