திரும்ப எடுத்த அத்தியாயம்

12.11.85, செவ்வாய், ஓகூஸ், டென்மார்க்
விடியவே மழை. வலது சப்பாத்து ஒழுகுகிறது. 10 மணிக்குப் பல்கலைக்கழகம். பாரிசிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்திருக்கும் அரசியல் அறிவியல் பேராசிரியைக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையாம். அகதிகளை அலுவலகங்கள் எப்படி விசாரிக்கின்றன என்பது ஆராய்ச்சி. 'மதாம்' என்று கூப்பிட்டால் போதுமாம். வயது அறுபதுக்கு மேல். எதிர்க்காற்றில் சைக்கிளில் வந்தார். தொப்பி பறந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பெயரை மூன்று தரம் சொல்லிப் பழகினார். பொலிசுக்கு ஒரு வருடமாக மொழிபெயர்க்கிறேன், அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

14.11, வியாழன்
மதாமின் விரிவுரை. ஆங்கிலம்தான், பின்வரிசையில் இருந்தேன். இளம் வயதில் ஆபிரிக்கக் கிராமம் ஒன்றில் பெண்களிடம் அரசியல் கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லை. 'இங்கே பெண்களுக்குக் கருத்து இல்லை' என்று ஒரு அத்தியாயம். அந்தப் புத்தகத்தால்தான் பெயர், பதவி எல்லாம். பிறகுதான் விளங்கியதாம், அந்தப் பெண்களின் மாமன்மாரை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அடுத்த பதிப்பில் அத்தியாயத்தையே தூக்கிவிட்டார். அந்த இடத்தில் ஒரே பக்கம்: நான் பிழையாகக் கேட்டேன். கீழே கையொப்பம்.
இப்படியும் ஒரு படித்த மனுஷி! எங்கள் வாத்தியார் கரும்பலகையில் பிழை விட்டாலும் அடி எங்களுக்குத்தான். கை நோகத் தட்டினேன்.
வாங்க: சப்பாத்து, தபால் முத்திரை, பச்சை மிளகாய் (கிடைத்தால்).

18.11, திங்கள்
மதாமோடு பஸ்ஸில் ரண்டர்ஸ் நகரம். அவருடைய ஆராய்ச்சிக்காக, அகதியாக வந்த யோகம்மா அக்காவின் வீடு. கணவருக்கு வதிவிட அனுமதி உண்டு. பிறகு வந்த அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மறுப்புக் கடிதம். அவருடைய மனைவிதான் என்று நம்பவில்லை. கலியாணப் பதிவு வீட்டோடு எரிந்துவிட்டது. கடிதத்தில் காரணம்: கணவரின் பெயர் தெரியாது.
அக்காவின் பொலிஸ் விசாரணையில் மொழிபெயர்த்தவன் நான்.
மதாம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "அண்டைக்கு ஏனக்கா பேரைச் சொல்லேல்லை?"
"என்ன தம்பி கதைக்கிறீர்? அவரின்ரை பேரை நான் எப்பிடிச் சொல்லுறது? பெரியவன்ரை அப்பா எண்டு சொன்னனான்தானே. மிச்சத்தை நீர் விளங்கப்படுத்துவீர் எண்டெல்லோ இருந்தன்."
கணவர் குசினி வாசலில், நிலத்தைப் பார்த்தபடி.
எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதேயில்லை. சொன்னதை மட்டும் மொழிபெயர்ப்பது விதி. 'பெயரைச் சொல்லவில்லை' என்றேன், 'தெரியாது' என்று எழுதினார்கள். வாசித்துக் காட்டியபோது தலையாட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக. வெட்கக்கேடு.
திரும்பும்போது மதாம்: "காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"
"ஓம்."
"அப்படியானால் மறுப்பை மாற்றச் சொல்லிக் கேட்கும் கடிதத்தை நான் எழுத முடியாது. நீங்கள்தான் எழுத வேண்டும்."
ஏசியிருந்தால் கோபிக்கலாம். ஏசவில்லை. தோடம்பழத்தில் பாதியைத் தந்தார்.

20.11, புதன்
எழுதிக் கிழித்தது நான்கு. முதலாவதில் பழி பொலிசுக்கு. இரண்டாவதில் விதிக்கு. மூன்றாவது எங்கள் வழக்கம் பற்றிய பிரசங்கம். நான்காவதை மதாமிடம் காட்டினேன். ஓரத்தில் எழுதினார்: 'இதில் நீங்கள் எங்கே?'
ஐந்தாவது ஒரே பக்கம். தலையாட்டியதும் அதில் இருக்கிறது. கையொப்பம். தபாலில் போட்டாயிற்று.
அறைக்கூட்டாளி குணம்: "உமக்கென்ன விசரே? இருக்கிற ஒரு வேலையும் போகப்போகுது."
போனால் போகட்டும் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். பிறகு கையிலிருந்த காசை இரண்டு தரம் எண்ணினேன்.

10.12, செவ்வாய்
பனி. அக்காவுக்கு மறு விசாரணை. வேறு மொழிபெயர்ப்பாளர். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடாமலே மதாமும் வந்து பக்கத்தில் இருந்தார்.
அக்கா வெளியே வந்தார்.
"பேரைச் சொன்னீங்களோ?"
"ஆர் சொன்னது? இந்தமுறை கடுதாசியும் பேனையும் தந்தவை. எழுதிக் குடுத்தன்."
மதாமுக்குச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

17.1.86, வெள்ளி
கடுங்குளிர். புதுச் சப்பாத்தும் கடிக்கிறது. ரண்டர்ஸிலிருந்து போன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி! பின்னால் பிள்ளைகளின் கத்தல். அழுதேன், மறைப்பானேன்.
எனக்கும் ஒரு கடிதம். மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இனி நான் இல்லை.
மதாம் இந்த வாரம் பாரிசில். எழுத வேண்டும். முதல் வரி மட்டும் வந்திருக்கிறது: மதாம், என் அத்தியாயத்தையும் தூக்கிவிட்டார்கள், அவர்களுக்கு முன்னமே அந்த ஒரு பக்கக் கடிதத்தில் நான் தூக்கிவிட்டேன்.