இருவருக்குச் சமையல்

11 ஜனவரி 1986, சனி

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பின் பொங்கல் கூட்டத்தில் இன்று அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். கிரேக்கத் தீவில் ஓட்டமில்லாமல் நிற்கும் கப்பலுக்கு என் கணவரோடு காவல் இருப்பவர்.

"எப்ப வந்தீங்கண்ணா?"

"தீபாவளிக்கே வந்துட்டேம்மா. சார் மட்டும்தான் அங்க இருக்காரு. டூரிஸ்ட் போனதும் கடையெல்லாம் மூடிட்டாங்க, ஊரே காலி."

வீட்டுக்கு வந்ததும் நேற்று வந்த கடிதத்தை மறுபடி எடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று எழுதியிருக்கிறார்.

"அந்தோணி அண்ணன் கூட இருப்பதால் பயமில்லை. இருவருக்கும் நானே சமைக்கிறேன்."

நான் கவலைப்படக்கூடாதென்று பொய் எழுதியிருக்கிறார் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் கடைசி வரி இருக்கிறதே.

"இப்போதெல்லாம் அண்ணன் சாப்பிடுவதுமில்லை, என்னோடு பேசுவதுமில்லை."

நேற்று இதைப் படித்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று சிரித்தேன்.