முனுசாமியின் சத்தியம்

மே 14

மறுபடியும் அதே படம். தெலுங்கில் டப்பிங் செய்த பழைய வெளிநாட்டுப் படம். பெட்ரோல் தீர்ந்துபோன உலகம். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. தம்பியை வண்டி ஏற்றிக் கொன்றவர்களை ஒரு மெக்கானிக் நெடுஞ்சாலையில் ஒவ்வொருவராகத் துரத்தி முடிக்கிறான். சித்தூர் டாக்ஸி ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம். முன்பெல்லாம் என் புருஷன் குணாவும் விசில் அடித்துப் பார்ப்பார். அவர் தம்பி முரளி அதைவிட உரக்க அடிப்பான். மாசியில் பாகாலா ரோட்டில் முரளியை இடித்த வண்டி நிற்காமல் போனது. அதற்குப் பிறகு விசில் இல்லை. இமைக்காமல் பார்க்கிறார்.

மே 19

காரின் முன்னால், இடித்தால் தாங்குகிற இரும்புக் கார்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். திருப்பதிச் சவாரி ஓட்டுகிற டாக்ஸிக்கு எதற்கு இது? மாடு குறுக்கே வருகிறதாம். இத்தனை வருஷம் வராத மாடு.

மே 23

இன்று ஒரு பெயர் சொன்னார். வெதுருகுப்பம் முனுசாமி. மாங்காய் டெம்போ ஓட்டுகிறவன். முரளி செத்த மறுநாளே டெம்போவின் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினானாம். போலீஸில் சொல்லலாம் என்றேன். "அவங்க தேடிக்கினே இருக்கட்டும்" என்றார். முனுசாமி மண்டிக்குப் போகிற வழி, திரும்புகிற நேரம், எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார்.

மே 24

தூங்கவில்லை.

மே 27

ஒரு வழி இருக்கிறது — காணிப்பாக்கம். குளத்தில் முழுகி, ஈரத்தோடு பிள்ளையார் முன் ‘நான் செய்யவில்லை’ என்று சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அத்தோடு பேச்சு முடிந்தது. பொய் சொன்னவனைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். குணா இதை முழுசாக நம்புகிறவர். சரி என்றார். முனுசாமிக்கு ஆள் விட்டேன். அவனும் வருகிறானாம்.

எனக்கு உண்மை வேண்டாம். பொய்ச் சத்தியமாவது செய்துவிட்டுப் போகட்டும். என் புருஷன் ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும். இப்படி நினைப்பதற்குப் பிள்ளையார் என்னை என்ன செய்வாரோ.

மே 30

எல்லாம் கெட்டது.

முனுசாமி முழுகினான். படியேறி வந்தான். ஒல்லி ஆள், நான் யாரோ ரவுடியை எதிர்பார்த்திருந்தேன். சன்னதி வாசலில் நின்றுவிட்டான். "உள்ள வரமாட்டேண்ணா. நான்தான். பயந்துக்கினு நிறுத்தாம பூட்டேன்."

சொட்டச் சொட்ட நின்றவன் கையைப் பிடித்துக் குணா காரில் ஏற்றினார். நான் கதவைப் பிடித்தேன். "நீ ஆட்டோல போ நந்திதா" என்றார். கார் சித்தூர் பக்கம் திரும்பவில்லை. பாகாலா பக்கம் போனது.

போன் சுவிட்ச் ஆஃப். யார் கூட்டிவரச் சொன்னது? நான்தானே. நானே கூட்டிவந்து கையில் குடுத்தேனே.

இருட்டிடுச்சு. இன்னும் வரல. வந்தா போதும் சாமி, வேற ஒண்ணும் கேக்கல.

மே 31

விடியும்போது வந்தார். முனுசாமியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, கேஸ் எழுதும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூன் 9

காலையில் இரும்புக் கார்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். சாப்பிடும்போது நான் கேட்காமலேயே சொன்னார்.

"முரளி வுழுந்த எடத்துக்குத்தான் இட்டுக்கினு போனேன். அவன் ஈரத்துணியோட, பல்லு அடிச்சிக்க நடுங்கினு வந்தான். பாதி வழியில ஏ.சி.ய நிறுத்திட்டேன். அப்புறம் என்னால முடியல."