முதல் சென்டிமீட்டர் இல்லாத ஸ்கேல்

செவ்வாய்

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உடனே உனக்கு வராது. எழுதி மேசை இழுப்பறையில் வைக்கப்போகிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். மூன்று வேளை சொட்டு மருந்து. கண்ணைத் திறங்கள் என்றால் வாயைத் திறக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதில் ஒரு மிதப்பு வேறு. "அவன் போன் பண்ணானா? இன்டர்வியூ என்னைக்காம்?" காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அடுத்த மாதம் என்கிறேன். கட்டுரை அச்சில் வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று நீ அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாய். வந்துவிடுமா என்று கேட்கிறார். வரும் என்கிறேன்.

கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வாரம். நூற்று நாற்பது தாள் முடிந்தது. எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போல.

போன வாரம் ஓர் ஆய்விதழிலிருந்து கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் பெயரை எனக்குக் காட்டமாட்டார்கள், என் பெயரை எழுதியவருக்கும் காட்டமாட்டார்கள். உனக்குத் தெரிந்த ஏற்பாடுதான். அணைக்குக் கீழே வாழும் ஒரு சிறு மீன், அணைக்கு மேலே வாழும் அதே மீனைவிட நீளம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இருநூறு மீன் பிடித்து அளந்திருக்கிறார்கள். உன் நினைவு வந்தது. ஆனால் உலகத்தில் அணைகளும் நிறைய, மீன்களும் நிறைய. நீ என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சண்டையில் முடியும்.

மூன்றாவது படம். வெள்ளைத் தட்டு. மீன். அளவு காட்ட, பக்கத்தில் ஒரு மர ஸ்கேல்.

பெரிதாக்கினேன். இருபத்திரண்டுக்கு அருகில் பல் தடம்.

உன் பல்.

நம் வீட்டு ஸ்கேல் தொலைந்துபோச்சு என்றாயே, திருடா.

கணினியை மூடிவிட்டேன். இதற்குமேல் நான் படிக்கக் கூடாது. உன்னிடம் பேசவும் கூடாது. இரண்டு நாளாக உன் போனை எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா

வெள்ளி

வாலு,

படிக்கக் கூடாது என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேலின் இடது முனை ஒடிந்தது. எண்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. மீனின் வாய் அந்த ஒடிந்த விளிம்பில் இருக்கிறது. வால் எட்டைத் தொடுகிறது. அப்படியென்றால் மீனின் நீளம் ஏழு. அட்டவணையில் அந்த மீனைத் தேடினேன். எட்டு என்று இருந்தது.

அணைக்கு மேலே பிடித்த மீன்களின் படத்தில் எஃகு ஸ்கேல். முழுசாக இருக்கிறது.

உன் கண்டுபிடிப்பின் நீளமும் அந்த ஒடிந்த துண்டின் நீளமும் ஒன்று.

அதை ஒடித்தது நான். டப்பா மூடியை நெம்பினேன், பட்டென்று போயிற்று. நீ செய்தாய் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டேன். அடி உனக்கு விழுந்தது. நீ மறுக்கக்கூட இல்லை. மிச்சமிருந்த ஸ்கேலைக் கடித்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு அம்மா துணி வெட்டும்போதெல்லாம் நான் அளந்து எண்ணைச் சொல்வேன், நீ ஒன்று கழித்து எழுதுவாய். சொல்கிறவர் கழிக்கக் கூடாது. எழுதுகிறவர்தான் கழிக்க வேண்டும். ஒருமுறை இருவருமே கழித்து, அந்தச் சட்டையில் அப்பாவின் கை நுழையவே இல்லை.

இவ்வளவும் தெரிந்தவன் நீ. அதனால்தான் எழுதக் கூசுகிறது. மற்றவர் செய்தால் கவனக்குறைவு என்பேன். நீ செய்தால் எப்படிக் கவனக்குறைவாகும்? அந்த ஸ்கேலின் கணக்கு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நிரந்தர வேலை. ஏழு வருடத் தற்காலிகம். தெரிந்தே விட்டுவிட்டாயா?

இதழாசிரியரைப் போனில் கூப்பிட்டேன். எழுதியது என் தம்பி, நான் மதிப்பிட முடியாது என்றேன். அவர் இருமினார். "ஏழு பேரு ஏற்கெனவே முடியாதுன்னுட்டாங்கம்மா. இந்தத் துறையில இருக்கறதே பன்னெண்டு பேரு. சொந்தமில்லாத ஆளா தேடுனா நான் மீனத்தான் கேக்கணும்." சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார், "சரி விடுங்க. விலகிக்கறேன்னு ஒரு வரி போடுங்க. இன்னொருத்தர் பிரமாதம்னு எழுதிட்டாரு. அதுவே போதும், அச்சுக்கு அனுப்பிடறேன்."

ஒரு வரி. விதிப்படி அதோடு என் கடமை முடிந்தது. என் கை சுத்தம். உன் கட்டுரை அச்சில். அப்பாவிடம் சொன்னது பலித்துவிடும்.

கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை.

மூன்றாவது படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றேன். சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அக்கா

திங்கள், மூன்று வாரம் கழித்து

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது எடுத்தேன். நீ பேசினாய், நான் ம் கொட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

"எவனோ வேலவெட்டி இல்லாதவன், போட்டோவ பெருசாக்கிப் பாத்திருக்கான்க்கா." ம். "அவன் கண்ண நோண்டணும்னு வந்துச்சு. அப்புறம் நானும் பெருசாக்கிப் பாத்தேன். அவன் சொன்னது சரி." ம்.

பிறகு நீ சொன்னது. அணைக்கு மேலே அளந்து முடித்துக் கீழே இறங்கிய முதல் நாளே எஃகு ஸ்கேல் ஆற்றில் விழுந்துவிட்டது. பையின் அடியில் இது கிடந்தது. கரையில் உட்கார்ந்து நீ அளந்து சொல்லியிருக்கிறாய், உன் மனைவி நோட்டில் எழுதியிருக்கிறாள். "நான் பாட்டுக்கு நம்ம வீட்டுப் பழக்கத்துல சொல்லிட்டே போனேன். எழுதறவதான கழிக்கணும்? அவளுக்கு எப்படிக்கா தெரியும்? அவங்க வீட்ல முழு ஸ்கேலு." சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றாய். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீயே எழுதிவிட்டதாகச் சொன்னாய். கழித்துப் பார்த்தால் கீழே உள்ள மீனும் மேலே உள்ள மீனும் ஒரே நீளம். அதில் எழுத ஒன்றுமில்லை. இன்டர்வியூவுக்குப் போவேன், வெறுங்கையோடு போவேன் என்றாய்.

கடைசியாக, "அந்தாளு யாருன்னு தெரிஞ்சா ஒரு டீ வாங்கிக் குடுத்து நாலு கேள்வி கேப்பேன்" என்றாய்.

அப்போதும் ம்.

அப்பாவுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. செய்தித்தாளை அவரே படிக்கிறார். நேற்று என் முகத்தைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சிட்ட?" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருமுறை பார்த்தார்.

வாலு, அந்த ஆள் நான். இழுப்பறையிலிருந்த இரண்டு கடிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். படத்தின் ஓரத்தைக் காட்டியதற்காக அல்ல. அதை இன்றைக்கும் காட்டுவேன். தெரிந்தே விட்டுவிட்டாயா என்று உன்னைக் கேட்ட அந்த ஒரு வரிக்காக. கிழித்தால் அது தெரிந்தே மறைப்பதாகிவிடும், நீ ஆற்றங்கரையில் செய்யாத வேலை. அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

அவளைச் சாப்பிடச் சொல். ஸ்கேலை ஒடித்தவள் நான், அவள் அல்ல என்று சொல்.

நீ நன்றாக இருப்பாய். அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உண்டு, என் ஆசி இப்போது செல்லுமா தெரியவில்லை. டீக்கு நானே வருகிறேன். நாலு கேள்வியையும் கேள். போன் செய்தால் எடு.

நம் வீட்டில் எழுதுகிறவர்தான் கழிக்க வேண்டும். இந்தமுறை எழுதுகிறவளால் முடியவில்லை. வாசிக்கிற நீ அந்த ஒரு வரியைக் கழித்துக்கொள்.

உன் அடிக்குக் கடன்பட்ட,
அக்கா